வெங்காய வண்டியும் வெள்ளவத்தை டாக்டரும்

கொழும்புக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போவோம். காற்று ஒத்து வந்தால் ஒரு பகலும் ஓர் இரவும். ஒத்து வராவிட்டால் கடலுக்குத்தான் தெரியும். அத்தனை தடவையும் துறைமுகத்துப் பக்கமாக, அந்த ஊரின் கொல்லை வழியாக நுழைந்தவன் நான். முன்வாசல் வழியாகப் போனது இந்த எழுபத்தாறு வயதில்தான். விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டிருக்கும்போதே இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

பாஸ்போர்ட்டைப் பார்த்த தம்பி, இலங்கைக்கு முதல் தடவையா என்று தமிழிலேயே கேட்டார். இல்லை என்றேன். முத்திரை ஒன்றும் இல்லையே என்றார். கையை விரித்துக் காட்டினேன். பாய்க்கயிறு இழுத்த காய்ப்பு இன்னும் போகவில்லை. சிரித்துக்கொண்டே குத்தி அனுப்பினார்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எங்காவது கரை ஒதுங்கிவிடுவேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், இப்போதே பெருமூச்சு விடுகிறாள்.

என் தங்கை ரீத்தா கொழும்பில் கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் சேவியர் மச்சான், துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் கிடங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்பு வெள்ளவத்தைக்குப் போனவர், காலி வீதி என்கிற பெரிய ரோட்டின் நடைபாதையில் அப்படியே விழுந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. வலித்தது, அடைத்தது என்று சொல்வார்களே, அது இல்லை. நின்றே போய்விட்டது. பக்கத்துப் புடவைக் கடையில் வேலை செய்யும் பெண் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அந்த நடைபாதையிலேயே வைத்து மின்சாரம் கொடுத்து அதைத் திரும்ப ஓட வைத்தார்கள்.

இப்படி ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றுபோகிறவர்களுக்கு எப்படிச் செய்தால் பிழைப்பார்கள் என்று அங்கே டாக்டர்கள் சிலர் ஆராய்ச்சி செய்கிறார்கள். மச்சானும் அதில் ஒரு ஆள். மூன்று மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மச்சானோ, போகமாட்டேன், என் பெயரை வெட்டச் சொல் என்று பிடிவாதம். வீட்டு வாசலையே தாண்டுவதில்லையாம். நீ வந்து சொன்னால்தான் கேட்பார் என்று ரீத்தா போனில் அழுதாள்.

அதற்காக மட்டும் போயிருப்பேனா, தெரியாது. அவள் பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னாள். மச்சான் விழுந்ததும் ஒரு சிங்கள ஆட்டோக்காரர் அவரைத் தூக்கி வண்டியில் போட வந்தாராம். அந்தப் பெண் சிங்களத்தில் கத்தினாளாம்: "உஸ்ஸன்ன எப்பா." தூக்க வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்தது துறைமுகச் சிங்களம்தான். தூக்கு, இறக்கு, மெதுவாக, போதும். அதனால் அந்தச் சொல்லை ஒருவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அது என் காதிலேயே கிடக்கிறது.

எங்கள் தோணிக்குத் தண்டல் என் அண்ணன் அந்தோணி. தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். ஒரு தடவை வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கிடங்கு வாசலில் நின்று மூட்டையை எண்ணிக்கொண்டிருந்த அண்ணன், கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி நழுவ, பின்னாலேயே விழுந்தார். நான்தான் ஓடினேன். நான்தான் "தூக்குங்கலே" என்று கத்தினேன். வாசலில் நின்ற காவல்காரர் கையை நீட்டி மறித்து, "உஸ்ஸன்ன எப்பா, உஸ்ஸன்ன எப்பா" என்றார். அவரைத் தள்ளிவிட்டு அண்ணனைத் தூக்கி, வெங்காய மூட்டைகளைச் சரித்துவிட்டு, கைவண்டியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு புறக்கோட்டைச் சந்தைக் கூட்டத்துக்குள் ஓடினோம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் துணியைப் போர்த்திவிட்டார்கள்.

அந்தக் காவல்காரருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நான் கேட்கவில்லை, தூக்கித் தூக்கியே அண்ணனைக் கொன்றுவிட்டேன் என்று நான் நினைத்தேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை, ரீத்தாவிடம்கூட. அதற்குப் பிறகும் கொழும்புக்கு எத்தனையோ நடை வந்திருக்கிறேன். புறக்கோட்டைக்குள் மட்டும் கால் வைத்ததில்லை. சரக்கு போகும், நான் தோணியிலேயே காவல் இருப்பேன். இந்தத் தடவை ஒரு டாக்டரைக் கேட்டுவிட வேண்டும், நான் கொன்றேனா இல்லையா என்று. அதற்குத்தான் போனேன்.

முதல் நாள் கொட்டாஞ்சேனை வீட்டில் பாணும் சம்பலும் சொதியும். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்கு. இங்கே பாண் இல்லாமல் பொழுது விடியாது. சொதி மட்டும் என்னவோ போலிருந்தது. மச்சானுக்காக ரீத்தா தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டாளாம்.

"இது சொதியில்ல மச்சான், மஞ்சள் கழுவின தண்ணி," என்றார் சேவியர் மச்சான். "செத்துப் பிழைச்சவனுக்கு இந்தச் சாப்பாடு. செத்தே இருக்கலாம்."

"வாயைக் கழுவுங்க," என்றாள் ரீத்தா.

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார். நாடி ஓடுகிறதா என்று பார்க்கிறாராம். பேசும்போதும் பிடி விடுவதில்லை. பாணைப் பிய்ப்பதற்குத்தான் விடுவார், தின்றதும் திரும்பப் பிடிப்பார். எப்போதும் சட்டை மடிப்புக் கலையாத மனுஷன். என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுப் பாயில் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்தவர்.

ரீத்தா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்றைக்கு நடுவீதியில் சட்டையை வெட்டித் திறந்திருக்கிறார்கள், கால்சட்டை நனைந்துவிட்டதாம். வெள்ளவத்தையே பார்த்திருக்கும். எந்த முகத்தோடு போவது? அது போதாதென்று கேட்காமல் கொள்ளாமல் ஆராய்ச்சியில் சேர்த்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் ஒரு கவரைத் திறந்து, அதில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி செய்தார்களாம்.

"என்ர உயிரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கிறாங்க மச்சான். நான் என்ன, லொத்தர் டிக்கட்டா?"

நாளைக்குப் போய் அதையே அவர்கள் முகத்துக்கு நேரே கேள், கேட்டுவிட்டுப் பெயரை வெட்டு என்றேன். சண்டை போடலாம் என்றதும் கொஞ்சம் தெளிவானார்.

மறுநாள் வெள்ளவத்தைக்கு ரயிலில் போவோம், கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றேன். கோட்டை ஸ்டேஷனில் மச்சான்தான் சிங்களத்தில் விசாரித்தார். முப்பது வருஷம் கப்பல் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுதிய மனுஷன், நாங்கள் ஏற வேண்டிய ரயிலுக்கு முந்தின ரயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டார். அது நிற்காமல் ஓடுகிற ஓட்டத்தில் கொள்ளுப்பிட்டி போனது, வெள்ளவத்தையும் போனது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே மச்சான் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. இங்கே விழுந்தால் நான் என்ன செய்வேன்? அன்றைக்குப் போல் தூக்குங்கலே என்று கத்துவேனா?

எதிரே இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். என் அரைகுறைக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: அந்தப் பெரியவருக்கு என்னவோ செய்கிறது. பெரியவருக்கு ஒன்றுமில்லை, ரயில் மாறி ஏறியதற்கு வெட்கப்படுகிறார். ஒருத்தி எழுந்து மச்சானுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்து, பையிலிருந்து மாலு பாண் ஒன்றை எடுத்து நீட்டினாள். மீன் வைத்த பன். மச்சான் அதை வாங்குவதற்குக் கையை விட்டார். கல்கிசை வரும்வரை தின்றார், நாடியைப் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்க் கடல் கிழக்கே இருக்கிறது, காலையில் வெயிலோடு முகத்தில் அடிக்கும். இங்கே கடல் மேற்கே, காலையில் அமைதியாக நிழலில் கிடக்கிறது. ஒரே கடல்தான். பேத்தி, போதும் என்கிறாள்.

கல்கிசையில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திரும்ப வந்தோம். ஆட்டோக்காரர் பேச்சுக்காரர். எங்கே போகிறோம் என்று மச்சான் சொன்னதும், அவர் சிங்களத்தில் வீராப்பாக ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"யாரும் விழுந்தா அவரிட்ட விடட்டாம். பின்னுக்குப் போட்டுக்கொண்டு அஞ்சு நிமிசத்தில ஆஸ்பத்திரியாம்," என்றார் மச்சான்.

நானும் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். அந்தத் தம்பியை எனக்குப் பிடித்திருந்தது.

ஆராய்ச்சி அலுவலகம் கடல் பக்கம் போகிற ஒரு சந்தில், மாடியில். டாக்டர் என்று நான் நினைத்தது தலை நரைத்த ஓர் ஆளை. வந்தது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"வாங்கோ ஐயா, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பீங்கள்தானே? சீனி போடேல்லை."

மச்சானை நடக்கச் சொன்னார், எண்ணச் சொன்னார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மாலு பாணை மச்சான் மறைத்துவிட்டார். பிறகு ஒரு கடதாசியை நீட்டி, அன்றைக்கு உங்களைக் கேட்க முடியவில்லை, அதனால் இப்போது கேட்கிறோம், விருப்பம் இல்லாவிட்டால் உங்கள் விவரத்தை எடுத்துவிடுவோம், ஒரு கோபமும் இல்லை என்றார். மச்சான் காத்திருந்தது இதற்குத்தான். அதே லொத்தர் டிக்கட் கேள்வியை எடுத்து வீசினார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நெஞ்சை அமுக்க வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது, அதை யாருக்கும் மறுப்பதில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் வந்த பிறகு, விழுந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பது நல்லதா, இல்லை அமுக்கிக்கொண்டே சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நல்லதா என்பது உறுதியாகத் தெரியாது. இரண்டையும் நல்ல டாக்டர்கள் செய்கிறார்கள். எது மேல் என்று தெரியாததால்தான் கவர். மச்சானுக்கு வந்த கவரில் இருந்தது, அங்கேயே வைத்துப் பார்.

மச்சான் என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்பது போல. எனக்கோ வேறு ஞாபகம். தோணியில் நாங்களும் சீட்டுப் போடுவோம். திருவுளச்சீட்டு. கரையோரமாகப் போவதா, வெளிக்கடல் பிடிப்பதா என்று அண்ணனுக்கே மனசு ஒரு பக்கம் சாயாவிட்டால், இரண்டு துண்டுக் காகிதம் சுருட்டி மாதா படத்துக்கு முன்னால் போட்டுச் சமையல்காரனை எடுக்கச் சொல்வோம்.

"மச்சான், வழி தெரிஞ்ச அன்னைக்கு அண்ணன் சீட்டுப் போட்டதில்ல," என்றேன். "ரெண்டும் ஒண்ணு போலத் தெரிஞ்சாத்தான் போடுவாரு. உன் உசுரு லேசுன்னு போட்டதில்ல அது."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வித்தியாசம் ஒன்று இருக்கிறது என்றார். உங்கள் சீட்டு அந்த நடையோடு முடிந்துவிடும். நாங்கள் எடுத்த எல்லாச் சீட்டையும் பத்திரமாக வைத்து, கடைசியில் எந்த வழியில் போனவர்கள் அதிகம் கரை சேர்ந்தார்கள் என்று பார்ப்போம். அடுத்தவருக்குச் சீட்டே வேண்டாமல் போகலாம்.

மூலையில் ஒரு பொம்மை படுத்திருந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத ரப்பர் பொம்மை. வருகிற வீட்டு ஆட்களுக்கெல்லாம் அமுக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். என்னையும் முழங்காலில் நின்று அமுக்கச் சொன்னார்கள். நிறுத்தக் கூடாது, களைக்கும் முன் ஆள் மாற வேண்டும் என்றார் டாக்டர். தோணியில் தண்ணீர் ஏறினால் பம்பு அடிப்பதும் அதே சட்டம்தான். களைத்த பிறகு மாறுகிறவன் தோணியைக் கவிழ்ப்பான். கொஞ்ச நேரம் அமுக்கினேன். பொம்மையின் நெஞ்சு டிக் டிக் என்றது. சரியாகச் செய்கிறேன் என்று அர்த்தமாம்.

அப்போதுதான், பொம்மையின் மேல் கை இருக்கும்போதே, கேட்டேன். அண்ணனைச் சொன்னேன். சுண்ணாம்புக்கட்டி, கைவண்டி, காவல்காரர், அவர் சொன்ன சொல், எல்லாம். டாக்டரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பொம்மையைப் பார்த்தே சொன்னேன். "நான் தூக்கினதாலதான் செத்தாரா?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

"அட விசரா. இதையா இவ்வளவு காலமும் வச்சிருந்தாய்? அந்தக் காவல்காரன் என்ன டொக்டரா? அது கேட் சட்டம் மச்சான். கிடங்கு வாசல்ல மூட்டை விழுந்தாலும் மனுசன் விழுந்தாலும், கிளாக்கு வந்து எழுதுறவரைக்கும் தூக்கக் கூடாது. எல்லாக் கிடங்கிலயும் அதுதான். எங்கட வாசல்ல அந்தக் கிளாக்கு நான்! நான் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வாறதுக்குள்ள, விழுந்த மூட்டையில பாதி வெங்காயம் காணாமப் போயிரும்."

அவர் சொல்லச் சொல்ல அந்தக் காவல்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றார். கையை நீட்டி மறித்தார். அதற்குப் பிறகு? குனிந்தாரா, அண்ணனைத் தொட்டாரா? இல்லை. உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். நாற்பது வருஷமாக அவர் கையை மட்டும் பார்த்தேன், முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்க்கவே இல்லை.

டாக்டர் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஐயா, அவர் விழேக்கையே இதயம் நிண்டிருக்கும். நீங்கள் தூக்கி அவர் சாகேல்லை. தூக்காமல் சும்மா பாத்துக்கொண்டு நிண்டிருந்தாலும் போயிருப்பார். அமத்தத் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில இருந்திருந்தா, ஒருவேளை தப்பியிருப்பார். அதை இல்லையெண்டு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டன். ஆனா அந்தக் காலத்தில உங்களுக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை. அது உங்கட பிழையில்லை."

பிறகு கொஞ்சம் சிரித்தார். "வச்சிருக்கிறதோ தூக்கிறதோ எண்டுதானே கேக்கிறீங்கள்? அதுதான் ஐயா எங்கட கேள்வியும். இந்த அலுமாரி நிறைய இருக்கிறது அதுதான்."

அலுமாரியைப் பார்த்தேன். கோப்புகள் கோப்புகளாக அடுக்கியிருந்தன. நான் தோணியில் தனியாகக் காவல் இருந்த இரவெல்லாம் புரட்டிய ஒன்றை, இத்தனை பேர் உட்கார்ந்து பகலில் விளக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். நெஞ்சில் ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. முழுசாக என்று சொல்ல மாட்டேன். அந்த 'ஒருவேளை' இன்னும் இருக்கிறது. அது தூக்கக்கூடிய கனம்தான்.

மச்சான் கடதாசியை வாங்கினார். மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருக்கிறது என்று வட்டம் போட்டு, அடியில் கையெழுத்து வைத்தார்.

இறங்கியதும் காலி வீதியில் அந்தப் புடவைக் கடை. மச்சான் ஒதுங்கி நடந்தார். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். தர்ஷினி என்று பெயர், ஒல்லியான பெண். இந்தக் கையா அப்படி அமுக்கியது என்றிருந்தது. கடையில் ஒரு தடவை எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார்களாம், அதைத்தான் செய்தேன் என்றாள்.

மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அலங்கோலமாகக் கிடந்தேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

"ஆர் அங்கிள் பாத்தது? கூறைச்சீலையை எடுத்து விரிச்சு நாலு பிள்ளையள் சுத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டவையள். றோட்டில போன சனம் ஏதோ கலியாணம் எண்டு நினைச்சிருக்கும்," என்றாள். "சேர்ட்டை வெட்டினதும் ஆம்புலன்ஸ்காரர்தான். நான் எலும்பை மட்டும்தான் முறிச்சனான்."

மச்சான் சிரித்தார். விலா எலும்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். கடைப் பொம்மைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ஒன்றைக் காட்டி, அந்த அளவில் ஒன்று எடு பிள்ளை என்றார். அந்தக் கூறைச்சீலை என்ன நிறம் என்று பஸ்ஸிலும் இரண்டு தடவை என்னைக் கேட்டார், எனக்குத் தெரியும் போல.

கடைசி நாள், பேத்திக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று சொல்லி, புறக்கோட்டைக்குப் போவோமா என்று நானே கேட்டேன். ரீத்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குடையை எடுத்துக் கொடுத்தாள். மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வழியெல்லாம் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தார்.

புறக்கோட்டையில் அதே நெரிசல். அதே சத்தம். கைவண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஒரு வண்டி, வெங்காய மூட்டை ஏற்றியது, சாக்கடைக் கானுக்கு மேல் போட்ட பலகையில் சக்கரம் ஏறாமல் நின்றது. இழுக்கிறவர் முன்னால் முக்கிக்கொண்டிருந்தார். பின்னால் ஆள் இல்லை. நான் குடையை மச்சானிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினேன். ஏறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தடவை. சக்கரம் ஏறி இறங்கியது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

கையெல்லாம் வெங்காய வாடை.

"அங்க குழாய் இருக்கு, கையைக் கழுவிட்டு வா மச்சான்," என்றார் சேவியர் மச்சான். "மூலையில இஸ்ஸோ வடை சுடுறான், ஆளுக்கொண்டு தின்னுவம். ரீத்தாட்ட சொல்லாத."

இறால் வைத்த வடை, நல்ல சூடு. நான் கழுவாமலே தின்றேன்.